குரைக்காத நாயை வளர்த்தவள்

மூக்கண்டப்பள்ளியில் முனிவேல் லைன் எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். முன்பு அது ரோஜாத் தோட்டம். பூவுக்கு விலை கிடைக்காத ஒரு வருஷம் முனிவேல் செடிகளைப் பிடுங்கிவிட்டு வீடுகளை நட்டார். ஒரே வரிசையில் பத்து அறை, முன்னால் ஒரு நடைபாதை, கடைசியில் தண்ணீர்த் தொட்டி. குடியிருக்கிறவர்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஊரில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். பட்டப்பகல் பத்து மணி என்பது இந்த லைனில் நடுநிசி. துணியை அடித்துத் துவைக்கக் கூடாது, டிவியை அலற விடக் கூடாது, கதவை டமாலென்று சாத்தக் கூடாது. குழந்தை அழுதாலே நாலு ஜன்னல் திறக்கும். இதெல்லாம் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் மீறினால் அடுத்த மாதம் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.

அந்த லைனில் மூன்றாவது அறை ஜெயசெல்வியுடையது. எலத்தகிரியில் பிறந்தவள், இன்னாசிமுத்துவைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தவள். இரண்டு பேரும் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய், மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ஒரு மழை நாளில் பாகலூர் ரோட்டில் இன்னாசிமுத்துவின் வண்டி சறுக்கியது. தலையில் அடி. காயம் ஆறியது, வலிப்பு மட்டும் கூடவே தங்கிவிட்டது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாத்திரை தின்றாலும் வரும். மிஷின் பக்கத்தில் இனி நிற்கக் கூடாது என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முப்பத்தெட்டு வயதில் வீட்டோடு உட்கார்ந்தான்.

அவள் வேலைக்குப் போயே ஆக வேண்டும். வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி. உள்ளே போனால் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். அவள் அங்கே ஒயர் கட்டுகிற நேரத்தில் இவன் இங்கே விழுந்துவிட்டால்? அந்த ஒரு பயத்தைத்தான் அவள் தினமும் சோற்று டப்பாவோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள். ஊரில் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடலாமென்றால், அண்ணி முகம் கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்கலாமென்றால், பாதி அறை பூட்டிக் கிடக்கும், மீதி அறை குறட்டை விடும். கூட ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கேட்காத ஆள், வாய் ஓயாத ஆள். அப்படித்தான் நாய் என்ற யோசனை வந்தது.

தொரப்பள்ளிப் பக்கம் திம்மப்பன் என்பவர் குட்டி நாய் இனங்களை வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். அப்போது அவரிடம் ஒரே ஈற்றில் பிறந்த பொமரேனியன் குட்டிகள் இருந்தன. எல்லாம் பஞ்சு உருண்டைகள். ஜெயசெல்வி அவற்றுக்கு முதுகைக் காட்டி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளாகவே கண்டுபிடித்த சோதனை அது. சில குட்டிகள் மேலே ஏறி விளையாடின, சில தூங்கின. ஒன்று மட்டும் எதிரில் வந்து நின்று, "நீ யார், ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று கேட்கிற மாதிரி தொண்டை கட்டுமளவு குரைத்தது. அவள் மயங்கினவளைப் போலக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். குரைப்பு இரண்டு மடங்கானது.

"இதைக் குடுங்கண்ணா."

"இது பேடாம்மா, வேணாம்," என்றார் திம்மப்பன் பதறிப்போய். "இது வாய் மூடாது. அந்தப் பொட்டைக் குட்டியப் பாரு, பொம்ம மாதிரி இருக்குது. லைன் வீட்டுக்கு அதுதான் சரி."

"பொம்மய வெச்சிக்கினு நான் என்னாண்ணா பண்றது? எனக்குச் சத்தம் போடறதுதான் வேணும்."

வருகிற வழியெல்லாம் டவுன் பஸ்ஸில் அது குரைத்தது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடப் பார்த்தார். இன்னாசிமுத்து பார்த்த மாத்திரத்தில் பட்டாசு என்று பெயர் வைத்துவிட்டான்.

அந்த மனிதன் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. இப்போது வேலைக்குப் போகிறவனைப் போல விடிந்ததும் எழுந்தான். மூன்று டம்ளரைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் வேர்க்கடலையை ஒளித்து வைப்பான், பட்டாசு மோந்து கண்டுபிடிக்க வேண்டும். தோற்கிற மாதிரி இருந்தால் கடலையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அழுகுணி ஆட்டம் ஆடுவான். தன் பழைய கம்பெனி அடையாள அட்டையை அதன் கழுத்தில் மாட்டி, "போடா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு," என்பான். அது அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவன் நீட்டிய உள்ளங்கையில் முன்காலை வைக்கும். அதுதான் வருகைப் பஞ்ச். "லேட்டுடா. அரைநாள் சம்பளம் கட்," என்று கண்டிப்பான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சோறு வடிக்கிறபோது ஜெயசெல்விக்குக் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருக்கும்.

வந்த இரண்டாவது மாதமே பட்டாசு தன் வேலையைக் காட்டியது. அவள் கம்பெனியில் இருந்தபோது இன்னாசிமுத்துவுக்கு வலிப்பு வந்தது. குட்டி ஜன்னலில் ஏறி நின்று போட்ட கூச்சலில் லைனே எழுந்து ஓடிவந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராகும்வரை கூட இருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவள் பட்டாசுக்கு முழு முட்டை அவித்துக் கொடுத்தாள். தன் வாழ்க்கையில் தான் சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரே காரியம் இந்த நாய்தான் என்று அவனிடம் சொன்னாள். "அப்ப நான்?" என்று கேட்டான் அவன்.

ஆனால் வலிப்பு எப்போதோதான் வரும். காய்கறிக்காரர் தினமும் வருவார். கேஸ்காரர், கேபிள்காரர், பூனை, காக்கா, தண்ணீர் லாரி, எல்லாரும் வருவார்கள். ஒருவரையும் பட்டாசு விட்டுவைக்கவில்லை. பக்கத்து அறை சுரேந்தர் எப்போதும் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பார்த்தான், தலையணைக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தான். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் கம்பெனியில் விரலை நசுக்கிக்கொண்டு வந்து நடைபாதையில் நின்று கத்தினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கடைசி அறைக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். முனிவேல் நேரில் வந்தார்.

"ஏம்மா செல்வி, உன் கஷ்டம் எனக்குத் தெரியாததில்ல. ஆனா வேல செஞ்சிட்டு வர்றவன் தூங்க வேணாமா? நாய் இருக்கட்டும், சத்தம் இருக்கக் கூடாது. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். இல்லன்னா நீயே வேற எடம் பாத்துக்க."

வேறு இடம். அதுதான் எங்கே? முன்பிருந்த வீட்டில் இரண்டாவது தடவை வலிப்பு வந்தவுடனேயே, வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் பிறகு யார் குடிவருவார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வலிப்புக்காரன் ஒருவன், கூடவே ஒரு நாய். கதவைத் தட்டினால் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்தான் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவளால் மூட முடிந்தது நாயின் வாயைத்தான்.

போனில் பார்த்த வித்தை ஒன்றும் பலிக்கவில்லை. மிரட்டினால் இன்னும் குரைத்தது. முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள், அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நூல் கிளவுஸ் ஒன்றைக் கட்டிலில் போட்டிருந்தாள். பட்டாசு அதைக் கவ்விக்கொண்டிருந்தபோது காய்கறிக்காரரின் குரல் கேட்டது. காது விறைத்தது, நெஞ்சு உப்பியது. வாய் நிறைய கிளவுஸ் இருந்ததால் வெறும் காற்றுதான் வந்தது. அவள் சட்டென்று புரிந்துகொண்டாள்.

அதிலிருந்து அதுதான் பாடம். இன்னாசிமுத்து வெளியே போய்க் கதவைத் தட்டுவான். நாயின் நெஞ்சு உப்புகிற அந்த நொடியில் அவள் கிளவுஸை வாயில் கொடுப்பாள். கவ்விக்கொண்டு பேசாமல் இருந்தால் ரஸ்க் துண்டு. குரைத்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பட்டாசுக்கு அடியைவிடக் கொடுமை அந்த முகத் திருப்பல். காலையில் முடியாவிட்டால் சாயந்திரம், சாயந்திரம் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. வேலை விட்டு வந்த கையோடு, முகம் கழுவக்கூட நேரமில்லாமல், அவள் அந்த நாயின் முன்னால் மண்டியிட்டாள். கடைசியில் யாரும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்றானது. காலடிச் சத்தம் கேட்டால் போதும், அதுவே ஓடிப்போய் ஒரு கிளவுஸைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்து, கண்ணை மட்டும் உருட்டும்.

அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தல் இல்லாமல் இல்லை. ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா அப்ப குலைப்பானாங்க?"

"காய்காரனும் நானும் அவனுக்கு ஒண்ணா?" என்றான் இன்னாசிமுத்து. "அன்னிக்கு எப்படிக் கத்துனான். எனக்கு ஒண்ணுன்னா சும்மா இருப்பானா? அவனுக்குத் தெரியும் செல்வி."

அவளும் அதைத்தான் நம்பினாள். சின்னச் சத்தத்துக்கு வாயை மூடவும் பெரிய ஆபத்துக்குத் திறக்கவும் அதற்கே அறிவிருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். நாய்க்கு நாம் வைக்கிற கணக்கு ஒன்று, நாய் கற்றுக்கொள்கிற கணக்கு வேறு. அது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நெஞ்சு உப்பினால் எதையாவது கவ்வ வேண்டும்.

சுரேந்தர் பட்டாசுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தான். விஷயம் மற்ற லைன்களுக்கும் பரவியது. ஊரெல்லாம் இப்போது குட்டி நாய்தான். புருஷன் ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டி ஒரு ஷிஃப்ட் என்று இருக்கிற வீடுகளில் யாரோடாவது பேச வேண்டுமே, அதற்காக வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு ஹவுஸ் ஓனருக்குப் பயப்படுகிறார்கள். பொமரேனியனையும் பக் நாயையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு பெண்கள் மூன்றாவது அறைக்கு வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் ஜெயசெல்விக்கு இதுதான் வேலை. மத்திகிரி வரைக்கும் ஆட்டோவில் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். குட்டி வாங்குகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் முதுகைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். இப்போது அவள் தேடிக் கொடுத்ததெல்லாம் அமைதியான குட்டிகள். கையில் அஞ்சு பத்து வைத்தார்கள். "நாய் வித்த காசு குலைக்காதுன்னு சொல்வாங்க. இங்க நாயே குலைக்கமாட்டேங்குது," என்று சுரேந்தர் கிண்டல் செய்தான். அவளும் சிரித்தாள். அந்த மூன்று மாதமும் அவள் பயத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகவில்லை.

ஆவணியில் ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வீடு திரும்பினாள். கதவைத் திறந்ததும் காலைச் சுற்றுகிற பட்டாசு வரவில்லை. கட்டிலுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் இன்னாசிமுத்து விழுந்து கிடந்தான். மேடையின் முனையில் ரத்தம் காய்ந்திருந்தது. அப்போதும் உடம்பு வெட்டிக்கொண்டிருந்தது. அவன் நெஞ்சின் மேலும் கழுத்துப் பக்கமும் வீட்டிலிருந்த அத்தனை கிளவுஸும் கிடந்தன. எல்லாம் எச்சிலில் ஊறி, பல் பட்டுக் கிழிந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தன. தலைமாட்டில் பட்டாசு உட்கார்ந்திருந்தது. வாயில் கடைசிக் கிளவுஸ். அதன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, நெஞ்சு உப்பி உப்பி அடங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

சத்தம் போட்டது ஜெயசெல்விதான். பத்து அறையும் திறந்தது.

ஓசூரில் பார்த்து, கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நெடுநேரம் வலிப்பு வந்திருக்கிறது, முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் மூளையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இதை அவர் சாதாரணமாகச் சொன்னார், அவருக்கு அது தினமும் சொல்கிற வார்த்தை. உயிர் தங்கியது. பல வாரம் கழித்து ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்தவன் வேறு ஆளாக இருந்தான். பேச்சு இல்லை, வலது பக்கம் அசைவில்லை. ஊட்டினால் விழுங்குவான். கண் திறந்திருக்கும், அதில் ஆள் இருக்கிறானா என்று சொல்ல முடியாது.

சுரேந்தர் வாசலில் நின்று அழுதான். "அக்கா, செவுத்துக்கு அந்தப் பக்கம்தாங்க்கா படுத்திருந்தேன். ஒரு சத்தம் வந்திருந்தா எந்திரிச்சு ஓடியாந்திருப்பேனே." அவள் அவன்மேல் கோபப்பட முயன்று பார்த்தாள், முடியவில்லை. தன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

முனிவேல் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். இன்னாசிமுத்துவைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய விஷயத்துக்குக்கூடவா குலைக்காது?"

கேட்டுவிட்டு, கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இனிமே குலைக்கட்டும்மா. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் அவர் மனசாரத்தான் சொன்னார்.

வலிப்பு இன்னும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஜெயசெல்வி மறுபடியும் பாடத்தை ஆரம்பித்தாள், இந்த முறை தலைகீழாக. கிளவுஸையெல்லாம் குப்பையில் போட்டாள். சுரேந்தர் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வெளியே நின்று கதவை இடித்தான். பட்டாசு தலையணை உறையைக் கவ்வியது. அதை எடுத்தால் செருப்பு. செருப்பை எடுத்தால் கால்மிதி. ஒரு நாள் அவளே தரையில் மண்டி போட்டு நாய் முகத்துக்கு நேராகக் குரைத்துக் காட்டினாள். "குலைடா, குலை," என்று கெஞ்சினாள், மறுபடி குரைத்தாள். வாசலில் நின்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாசு வாலைக் குழைத்து, அவள் கண்ணீரை நக்கிவிட்டு, கவ்வுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடப் போனது. அவள் கைபட்ட மற்ற நாய்களின் சொந்தக்காரிகளும் வந்தார்கள். எங்கள் நாயையும் பழையபடி ஆக்கிக் கொடு என்று கேட்டார்கள். தனக்கு அது தெரியாது என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மத்தியான ஷிஃப்ட். சுரேந்தர் முழித்திருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவன் எத்தனை நாளைக்கு முழித்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை இன்னாசிமுத்துவுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்து, விழாமலிருக்கக் கட்டிலைச் சுவரோடு நெருக்கிப் போட்டாள். கவ்வுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று துணி, செருப்பு, தலையணை எல்லாவற்றையும் பரணில் ஏற்றினாள். அவள் பையைத் தோளில் மாட்டியதைப் பார்த்ததும் பட்டாசின் நெஞ்சு உப்பியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது, மேடைக்குக் கீழே பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு கட்டிலோரத்தில் தொங்கிக்கொண்டிருந்த இன்னாசிமுத்துவின் வலது கையை, பல் படாமல், மெதுவாக வாயில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது. இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜெயசெல்வி கதவைப் பூட்டாமல் சாத்தினாள். லைனில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதையில் நடந்தாள்.